முன் வீட்டுத் திறப்பு

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் இப்போதெல்லாம் சீனி, கொலஸ்ட்ரோல், பிள்ளைகளின் கிம்னாசியப் பள்ளி நுழைவுச் சோதனை, இந்த மூன்றையும் தாண்டிப் பேச்சுப் போவதில்லை. போன ஜூலையில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கோழி வாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதிசயமாக ஒருத்தி, "எங்கட சின்ன வயசுக் கோடை மாதிரி இனி வராது" என்று பெருமூச்சு விட்டாள். நீங்கள் எல்லோரும் ஓம் ஓம் என்றீர்கள். நான் மட்டும் கோழிக்காலை வாயில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததால்தான் எழுதுகிறேன்.

சூரிச் நகரத்து ஓர்லிகோனில் நாங்கள் இருந்தது மூன்றாம் மாடியில், இரண்டரை அறை வீடு. அரை அறை என்றால் என்னவென்று அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "வாடகையிலை அரைவாசி குறைக்கிறாங்களோ, இல்லையே" என்பார். அந்த அரை அறையில்தான் என் கட்டில், தையல் மெஷின், ஐந்து கிலோ அரிசி மூட்டைகள், சாமிப்படங்கள் எல்லாம் இருந்தன. ஜூலை மாதத்தில் தார்க்கூரை நாள் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு மாலையில் எங்கள் தலையில் இறக்கும். அம்மா காலை எட்டு மணிக்கே யன்னல் மறைப்புகளைக் கீழே விட்டுவிடுவார். இருட்டில், வாழைக்காய் பொரிக்கிற மணத்தில், வெறும் சட்டையோடு நிலத்தில் படுத்துக்கொண்டு நான் கரம் காய்களைக் கூட்டாளி இல்லாமல் தனியே சுண்டுவேன். இரண்டு பக்கத்துக்கும் நானே ஆடி, எனக்குப் பிடித்த பக்கத்தை வெல்ல வைப்பேன்.

எங்களிடம் இருந்தது எஃப் அட்டை. உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் அதுதான் இருந்தது, விளக்கத் தேவையில்லை. திருப்பி அனுப்பும்வரை இருக்கலாம், நாட்டை விட்டு வெளியே போக முடியாது. வகுப்புப் பிள்ளைகள் கடல் பார்க்க இத்தாலிக்குப் போகும் அந்த ஐந்து கிழமையும் எங்களுக்கு மூன்றே மூன்று உல்லாசப் பயணங்கள்தான். அப்பாவுக்கு ரெஸ்டோரண்ட் சமையலறையில் திங்கட்கிழமை ஓய்வு. அன்று விமான நிலையத்து மொட்டை மாடிக்குப் போய், எங்களை ஏற்றாத விமானங்கள் எல்லாம் மேலே ஏறுவதைப் பார்ப்போம். இல்லாவிட்டால் காட்சன்சே ஏரிக்கு பஸ் எடுப்போம். அதுவும் இல்லாவிட்டால் பாடி. நீச்சல் குளத்துக்கு இந்த ஊரில் அதுதான் பெயர், அப்பாவும் கஷ்டப்படாமல் சொல்லக்கூடிய ஒரே ஜெர்மன் சொல்.

பாடிக்குப் போவதென்றால் அம்மா விடியவே புட்டு அவிப்பார். நீல நிற குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது, மூடியில் கைபிடி உடைந்து கயிறு கட்டியது. அதற்குள் ஒரு பக்கம் புட்டும் மீன் பொரியலும், மறுபக்கம் ஐஸ் கட்டியும் கொகாகோலாவும். மரத்தடியில் அம்மா சுடிதாரோடு சம்மணம் கட்டி உட்கார்ந்து மூடியைத் திறந்தவுடன் பக்கத்துத் துவாய்களில் படுத்திருந்த வெள்ளைக்காரர் ஒவ்வொருவராக எழுந்து பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். பசியும் இருக்கும். பசிதான் ஒவ்வொரு முறையும் வென்றது. அந்தக் குளிர்ப்பெட்டி எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் எதிர்க்கதவில் ஒரு பெண் தனியே இருந்தார். வீட்டில் நாங்கள் அவரை முன் வீட்டு மனிசி என்போம். ஐம்பது வயது இருக்கும். ட்ராம் ஓட்டுகிறவர். நீலச் சீருடையோடு விடியக்காலை நாலரைக்குப் படியிறங்குவார், மத்தியானம் வந்துவிடுவார். அம்மா மாலையில் அலுவலகம் துடைக்கப் போகிறவர், அப்பா காலை பத்துக்குப் போனால் இரவுதான். ஆகவே பின்னேரங்களில் மூன்றாம் மாடியில் நானும் அவரும்தான். பால்கனியில் எட்டிக் கதைத்துத் தொடங்கிய பழக்கம், அவருடைய சாப்பாட்டு மேசைவரை வந்துவிட்டது.

அந்த மேசையில் அவர் சாப்பிடுவதில்லை. அதில் எப்போதும் ஒரு படப்புதிர் விரித்தபடி கிடக்கும். வெட்டிய அட்டைத் துண்டுகளைப் பொருத்திப் பொருத்திப் படமாக்குவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. அந்தக் கோடையில் இருந்தது இரண்டாயிரம் துண்டு. அவுஸ்திரேலியாவில் இருந்த அவருடைய அண்ணன் அனுப்பியது. ஒரு கடற்கரை, வரிசையாகச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சின்னச் சின்ன மரக்குடில்கள், பாதிப் படத்துக்கு வெறும் வானம். நான் கடலைக் கண்ட ஞாபகம் இல்லாத பிள்ளை. நாலு வயதில் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கடல் என்றால் அந்த மேசைதான். குடில்களை நான் கட்டினேன். வானம் கஷ்டம் என்பதால் அதை அவர் தனக்கு வைத்துக்கொண்டார்.

என்னோடு அவர் சூரிச் ஊர்ப்பேச்சில்தான் கதைப்பார். அப்பா அம்மாவோடு படியில் கண்டால் எழுத்து ஜெர்மனுக்கு மாறி, ஒவ்வொரு சொல்லாக மெதுவாக இறக்கி வைப்பார். அது மரியாதை என்று தெரிந்தாலும், அந்த மாற்றத்தைக் கேட்கும்போது நான் அவருடைய பக்கத்து ஆள் என்று எனக்கொரு பெருமை இருந்தது. பதினொரு வயதில் அதைவிடப் பெரிய பெருமை எனக்கு வேறு கிடைக்கவில்லை.

அந்த ஜூலையில் அவர் அண்ணனிடம் மூன்று கிழமை போகப் புறப்பட்டார். அங்கே இப்போது குளிர்காலம், கம்பளிச் சட்டை கொண்டுபோகிறேன் என்றார். மேசையில் அத்தனை வெயிலை வைத்துக்கொண்டு அவர் அப்படிச் சொன்னதை நான் நம்பவில்லை. போகும் நாளுக்கு முதல் நாள் எங்கள் கதவைத் தட்டி, வீட்டுத் திறப்பை என் கையில் வைத்தார். அப்பா கையை நீட்டினார், ஆனால் அவர் என் கையில்தான் வைத்தார். பால்கனித் தக்காளிக்குக் காலையும் மாலையும் தண்ணீர், கடிதங்களைச் சப்பாத்துப் பெட்டிமேல், ஒரு நாளைக்குப் பத்துத் துண்டுவரை பொருத்தலாம், வானத்தைத் தொடாதே. வேறு எவரையும் உள்ளே விடாதே, உன்னை நம்பித்தான் தருகிறேன். படம் முடிந்ததும் ஒட்டிச் சட்டம் போட்டு, கீழே இரண்டு பேருடைய பெயரும் எழுதி மாட்டுவோம்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"தக்காளிக்குத் தண்ணி ஊத்தட்டாம்."

நாங்கள் எல்லோரும் அப்படித்தான் மொழிபெயர்த்தோம், இல்லையா? டொக்டர் பத்து நிமிடம் கதைத்தால் "குளிசை போடட்டாம்" என்று முடிப்போம். முழுவதும் சொன்னால் திரும்ப நூறு கேள்வி வரும், விளையாட நேரம் இருக்காது.

அந்த முதல் பத்து நாட்களைப் போல ஒரு கோடை எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. நான் வெறுங்காலோடு போவேன். அவருடைய மரத்தரை குளிர்ச்சியாக இருக்கும். தக்காளி இலையைத் தொட்டால் கையில் ஒட்டுகிற அந்தக் கசப்பு மணம், ரேடியோவுக்கு மேல் வைத்திருந்த கண்ணாடி மான், சுவரில் டிக் டிக் என்று ஒரு மணிக்கூடு. எங்கள் வீட்டில் எப்போதும் யாராவது கதைத்துக்கொண்டு, பொரித்துக்கொண்டு, தொலைபேசியில் கத்திக்கொண்டு இருப்பார்கள். இங்கே நான் மூச்சு விடுவது எனக்கே கேட்டது. பத்துத் துண்டை எண்ணி எடுத்துப் பொருத்துவேன். பதினோராவது கையில் வந்தாலும் திருப்பி வைப்பேன். பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் நான் எவ்வளவு நேர்மையான பிள்ளையாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் இரக்கம் வருகிறது.

அப்போதுதான் சித்தியின் கலியாணம் வந்தது. அம்மாவின் தங்கை, மாப்பிள்ளை பேர்ண் பக்கம். ஜெர்மனியிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள், நோர்வேயிலிருந்து இரண்டு பேர், பாரிஸிலிருந்து மாமா குடும்பம் நாலு பேர். மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன். எங்கள் இரண்டரை அறையில் பன்னிரண்டு பேரை எப்படிப் படுக்க வைப்பது என்று அம்மா இரண்டு நாளாகப் பாய்களை மனதில் விரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணையை நிலத்திலை விடுறதோ? முன்னாலை வெறும் வீடு கிடக்கு" என்றார் அம்மா.

நான் இடையில் புகுந்தேன். "ஆரையும் விடவேண்டாம் எண்டு சொன்னவ."

"அண்டைக்கு நீ அப்பிடிச் சொல்லேல்லையே."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "மூண்டு நாள் தானே பிள்ளை. ஊரிலை கலியாணம் எண்டால் அயல் வீடெல்லாம் கலியாண வீடுதான். ஆரும் கேட்டுக்கொண்டு நிக்கிறேல்லை. திறப்புத் தந்தவ எண்டால் எங்களை ஒரு ஆளா மதிச்சுத்தானே தந்தவ" என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினார். அவருடைய ஊரில் ஒருவர் வீட்டில் கொண்டாட்டம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் தாங்களே அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டுக் குசினியில் படுத்துக்கொள்வார்கள். திறப்பு வாங்கியவனுக்கு அந்த வீட்டில் தண்ணீர் ஊற்ற மட்டுந்தான் உரிமை என்கிற கணக்கு அவருக்குத் தெரியாது. ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டிருந்தால் அந்த மனிசி ஓம் என்றிருப்பார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கேட்பதுதான் அவமரியாதை என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள்.

மாமாவும் மாமியும் இரண்டு பொடியன்களும் அங்கே மூன்று நாள் இருந்தார்கள். என்னைக் கலியாண வேலைகளில் இழுத்துவிட்டதால் நான் அந்தப் பக்கம் போகவேயில்லை, போகப் பயமாகவும் இருந்தது. அவர்கள் பாரிஸுக்குக் காரேறிய பிறகுதான் உள்ளே போனேன். மேசை பளிச்சென்று இருந்தது. மாமி நல்ல மனுஷி, சாப்பிட்ட மேசையைத் துடைத்து வைத்திருந்தார். சாப்பிடுவதற்காக முதலில் மேசையை ஒதுக்கியுமிருந்தார். கடற்கரை முழுவதும் ஒரு மிக்ரோ கடைப் பையில், முடிச்சுப் போட்டு, சமையலறை மூலையில் இருந்தது. பால்கனியில் ஒரு தக்காளிகூட இல்லை. சம்பல் நல்லாயிருந்தது என்று மாமா போகும்போது அம்மாவைப் பாராட்டியிருந்தார்.

நான் அழுத அழுகையில் அம்மா பயந்துபோனார். துணிகளைத் தோய்த்து, குளியலறையை அலுவலகம் துடைப்பது போலத் துடைத்து, மருந்து மணக்க வைத்தார். பிறகு வேலைக்குப் போகாத இரண்டு பின்னேரம் என்னோடு அந்த மேசையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொருத்தப் பார்த்தார். அம்மா எல்லாத் துண்டையும் நிறம் பாராமல் அமத்தி இறுக்குவார். இரண்டாம் நாள் முடிவில் எங்களிடம் ஒரு சிவப்புக் குடிலும் அரைக் கதவும் இருந்தன. "விடு பிள்ளை, விளையாட்டுச் சாமான் தானே, மனிசி பெரிசா எடுக்காது" என்றார். எனக்கும் அப்படி நம்ப ஆசையாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் கோடையில் எங்களுடைய பி அனுமதிக்கான விண்ணப்பம் ஏதோ ஓர் அலுவலக மேசையில் கிடந்தது. ஆறு வருடம் காத்திருந்து போட்டது. கிடைத்தால் அப்பா வேலை மாறலாம், நாங்கள் கடல் பார்க்கப் போகலாம், திருப்பி அனுப்புவார்களோ என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் நடுங்கத் தேவையில்லை. பொலிஸில் ஒரு முறைப்பாடு போதும், எல்லாம் போச்சு என்று வீட்டில் எப்போதும் பேச்சு. அதனால் நாங்கள் ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீர்கூடச் சத்தமாகத் திறப்பதில்லை.

மனிசி ஒரு சனிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தார். பெட்டிச் சக்கரம் படியில் ஏறுகிற சத்தத்தை நான் கட்டிலில் கிடந்தபடி எண்ணினேன். அரை மணித்தியாலத்தில் எங்கள் மணி அடித்தது. அப்பா திறந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். மனிசியின் ஒரு கையில் அந்த மிக்ரோ பை. மறு கையில் ஒரு பொடியனின் ஒற்றைக் கால்மேசு, கட்டிலுக்குக் கீழே கிடந்ததாம்.

"என் வீட்டில் யார் இருந்தார்கள்?" என்று அப்பாவைப் பார்த்து எழுத்து ஜெர்மனில் மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப்போயிருந்தார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"ஆர் தன்ர வீட்டிலை இருந்தது எண்டு கேக்கிறா."

அப்பா ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீதான் எண்டு சொல்லு."

"அப்பா?"

"சிநேகிதப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய் விளையாடினனான் எண்டு சொல்லு. நீ சின்னப் பிள்ளை, உன்னை ஆரும் ஒண்டும் செய்யாயினம். எங்கட பேப்பர் அங்கை கிடக்கு."

"நான் செய்யேல்லையே."

"தெரியும். சொல்லு மோனை."

முன் வீட்டு மனிசி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி பொறுமையாக நின்றார். நான் அப்பா சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்வேன் என்றுதானே அவர் காத்திருந்தார். என் வாழ்க்கையில் ஒரு சொல் விடாமல், கூட்டாமல் குறைக்காமல் நான் மொழிபெயர்த்தது அந்த ஒரு தடவைதான். நான்தான் என்றேன். சிநேகிதப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து விளையாடினேன் என்றேன். ஊர்ப்பேச்சில் சொன்னேன், நாங்கள் வழக்கமாகக் கதைப்பது போல.

அவர் கையை நீட்டித் திறப்பைக் கேட்டார். ஆணியில் தொங்கியதை எடுத்துக் கொடுத்தேன். "நீ எனக்குப் பெரிய ஏமாற்றத்தைத் தந்துவிட்டாய்" என்றார். அதை எழுத்து ஜெர்மனில் சொன்னார். அப்பாவோடு கதைப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக, அந்நியருக்குச் சொல்வதுபோல. அதற்குப் பிறகு அவர் என்னோடு ஊர்ப்பேச்சில் கதைக்கவேயில்லை.

அப்பாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிரச்சினை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, "டாங்க, டாங்க" என்று நன்றி சொல்லி இரண்டு தரம் தலையாட்டினார். கதவைச் சாத்தியதும் என் தலையில் கை வைத்தார். நான் தட்டிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அம்மா என்னை மட்டும் பாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளிர்ப்பெட்டி இல்லை, புட்டு இல்லை. கடையில் உருளைக்கிழங்குப் பொரியலும் ரொக்கெட் ஐஸும் வாங்கித் தந்தார். முதல் தடவையாக அம்மா கால்களைத் தண்ணீரில் விட்டுக் குளத்தின் ஓரத்தில் இருந்தார். சுடிதார் முழங்கால்வரை நனைந்தது. நான் விக்கி விக்கி அழுதேன், அம்மாவும் என்னோடு அழுதார். "அப்பாவை மனசிலை வைச்சிருக்காதை பிள்ளை. அவருக்கு வேறை வழி தெரியேல்லை. பயந்த மனுஷன்" என்றார். எனக்கு உலகத்தில் அம்மா ஒருத்தர்தான் இருக்கிறார் என்று அன்று முடிவு கட்டினேன். அந்த ஐஸின் சிவப்பு என் நாக்கில் நாள் முழுக்க இருந்தது.

மனிசி ஒருவரிடமும் முறையிடவில்லை. நவம்பரில் பி அட்டை வந்தது, அம்மா கேசரி கிண்டினார். அடுத்த கோடையில் இரண்டாம் மாடிப் போர்த்துக்கேயப் பிள்ளை முன் வீட்டுத் திறப்போடும் தண்ணீர் வாளியோடும் எங்கள் மாடிக்கு ஏறி வருவதைக் கண்டேன். அவள் என் வகுப்புத்தான். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய் நிலத்தில் படுத்தேன். அதற்கடுத்த வருடம் முன் வீடு காலியானது. மனிசி வின்டர்தூர் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அந்தக் கடற்கரையை அவர் திரும்பக் கட்டினாரா, குப்பையில் போட்டாரா, தெரியாது. நான் தேடிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெரியவளான பிறகு எத்தனையோ தரம் நினைத்தேன். என்ன சொல்வது, என்னைப் பெற்றவர்தான் என்னை அப்படிச் சொல்ல வைத்தார் என்றா? அதற்கு வெட்கமாக இருந்தது.

அப்பாவுக்கு நான் கொடுத்த தண்டனையைக் கேளுங்கள். அவருடைய கடிதங்களை வாசித்துச் சொல்வதை நிறுத்தினேன். பன்னிரண்டு வயதில் தொடங்கியது. வீட்டுப்பாடம் இருக்கிறது, தலையிடிக்கிறது, விளங்கவில்லை என்பேன். அப்பா இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, கடிதங்களைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். அங்கே அவரோடு சமையல் செய்த ஓர் அண்ணை வாசித்துச் சொல்வார். பிள்ளை ஏன் வாசிக்கவில்லை என்று அந்த அண்ணை கேட்டிருக்கவேண்டும். அப்பா பதிலுக்கு ஒரு பகிடிக் கதை சொல்லியிருக்கிறார்: என்ர பிள்ளை லேசுப்பட்டவள் இல்லை, சின்னனிலை முன் வீட்டைத் திறந்து கூட்டாளியளோட கும்மாளம் அடிச்சவள் என்று. அந்தக் கதை அவருக்கு நன்றாக வந்துவிட்டது. பிறந்தநாள், புதுமனை, என் கலியாண வீடு, எங்கே போனாலும் சொன்னார். மேடையில் மாலையோடு நின்ற நான், என் மாமனார் அதைக் கேட்டுச் சிரிப்பதைப் பார்த்தேன். பொய் சொல்ல வைத்தது போதாதென்று அதை என் வரலாறாக்கிவிட்டாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து அவரோடு ஆம் இல்லை என்பதற்குமேல் நான் கதைத்தது குறைவு.

அந்தக் கோழி வாட்டலுக்கு முந்தின மார்கழியில் அப்பா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சொந்தக்காரர் எல்லோரும் வந்தார்கள். சாப்பாடு முடிந்து ஒவ்வொருவராக அவரைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தச் சமையல்கார அண்ணை, இப்போது எழுபது வயது, எழுந்து அதே கதையைச் சொன்னார். அப்பா சொல்வது போலவே கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். துக்க வீடு கொஞ்சம் சிரித்தது. பாரிஸ் மாமாவும் பிளேன்ரீக் கோப்பையைக் கையில் பிடித்தபடி சிரித்தார். அந்தக் கட்டிலில் மூன்று நாள் படுத்த மனிதர், அந்தத் தக்காளியைச் சம்பல் போட்டுத் தின்ற மனிதர், என்னைப் பார்த்தே சிரித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் என் மகள் கேட்டாள். அவளுக்கும் இப்போது பதினொரு வயது. "உண்மையா நீங்கள் அப்பிடிச் செய்தனீங்களோ, அம்மா?"

இல்லை என்றேன். முதல் தடவையாக ஓர் ஆளிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். அம்மப்பா, பாரிஸ் மாமா என்று யாரையும் திட்டவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப அம்மம்மா எங்கை நிண்டவ?"

முப்பத்திச் சொச்சம் வருடம் அந்தக் கதவடியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு வரவேயில்லை.

அடுத்த நாள் அம்மாவிடம் போனேன். அந்தியேட்டிக்கு இரவல் வாங்கிய பாத்திரங்களை யார் யாருடையது என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டேன். அம்மா யோசிக்கக்கூட இல்லை.

"அறைக்குள்ளை. கதவுக்குப் பின்னாலை."

"அப்பா சொன்னது உங்களுக்குக் கேட்டதோ?"

"கேளாமல்? நான்தானே சொல்லிக் குடுத்தனான். முதல் நாளே சொன்னனான், மனிசி வந்தால் தான்தான் எண்டு பிள்ளையைச் சொல்ல விடுங்கோ, பிள்ளையை மன்னிப்பா, எங்களை மன்னிக்கமாட்டா எண்டு. அவர் மாட்டன் எண்டு ஒரே சண்டை. அவருக்கு உப்பிடியெல்லாம் யோசிக்க வராது, பிள்ளை. பேப்பரைப் பற்றிச் சொல்லித்தான் சம்மதிக்க வைச்சனான்." ஒரு தாச்சியை எடுத்துத் துடைத்தார். "அதாலைதானே பேப்பர் கிடைச்சது."

"அப்ப ஏன் என்னைப் பாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், அப்பாவைப் பயந்த மனுஷன் எண்டு சொன்னனீங்கள்?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் குற்றம் எதுவும் இல்லை. கணக்குத் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "உனக்கு ஆரோ ஒராளிலை கோபம் வரத்தானே வேணும். நான் உன்னோட வீட்டிலை நிக்கிறவள். அவர் வேலைக்குப் போறவர்."

நான் பாத்திரங்களுக்கு நடுவில் நின்றேன். "அப்பாவுக்கு அது தெரியுமோ?"

"தெரியும். நான் சொன்னனான், உன்னட்டை உங்களைப் பற்றி அப்பிடிச் சொல்லிப்போட்டன் எண்டு. 'சரி விடு, கோபம் என்னிலையே இருக்கட்டும்' எண்டவர். பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைக்கேல்லை."

அம்மாமேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை. எழுபத்திரண்டு வயது, முழங்கால் இரண்டும் மாற்றியாயிற்று, வாரம் தவறாமல் போய் மருந்து அடுக்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன். போகாமல் விட முடியாது. ஆனால் நீங்கள் கோடையைப் பற்றிப் பெருமூச்சு விட்ட அன்று எனக்கு ஞாபகம் வந்தது அம்மா இல்லை, அந்த மனிசியும் இல்லை. நான் கலியாணம் கட்டிப் போன பிறகு வீட்டுக்கு எப்போது தொலைபேசி எடுத்தாலும் முதலில் எடுப்பது அப்பாதான். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். "என்ன மோனை, சுகமோ?" என்பார். நான் "அம்மாட்டைக் குடுங்கோ" என்பேன். இருபது வருடமாக ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னேன். அவரும் ஒவ்வொரு தடவையும் கொடுத்தார்.